சுயம்புலிங்கம் விட்ட ஒரு பீட்

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஓர் ஐஸ் ஃபேக்டரி. அதன் மாடியில் ஒரு குரு இருந்தார். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

குருவின் பெயர் பிளாவியா மிராந்தா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் வகுப்பு. அதிகம் பேசமாட்டார். கீழே ஓடும் மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினால் தொண்டை போய்விடும் என்பதுதான் காரணம். ஆனால் பேசாமல் இருப்பவரை ஞானி என்று நம்புவதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. சீடரும் நம்பினார்.

சீடரின் பெயர் சுயம்புலிங்கம். டிரைவிங் ஸ்கூல் முதலாளி. அவர் வீட்டில் கிட்டாரைக் கையில் எடுத்தால் மனைவி செல்வக்கனிக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்துவிடும். அது மழைக்காலமானாலும் சரி. டிரைவிங் ஸ்கூலில் எல்லாரும் அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டார்கள். பிரேக் அவர் காலடியிலும் ஒன்று இருந்ததால் கேட்டார்கள்.

அதனால் அவர் இணையத்தில் ஒரு சேனல் ஆரம்பித்தார். வாசித்து, வீடியோ எடுத்து, போட்டார். முன்பின் தெரியாத சிலர் உட்கார்ந்து கேட்டார்கள். ஷார்ஜாவில் இருந்த ஒருவர் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ‘சூப்பர் அண்ணே’ என்று எழுதினார். அந்த இரண்டு வார்த்தைக்காகச் சுயம்புலிங்கம் விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்கு வாசித்தார். இது உங்களுக்கு அற்பமாகத் தெரிந்தால், உங்கள் வீட்டில் உங்களை யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

அவருக்கு ரொம்பப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்று உண்டு. எந்தப் பாட்டு என்று சொல்வதற்கில்லை. சொன்னால் இந்தக் கதைக்கும் எச்சரிக்கை வந்து சேரும்.

ஒருநாள் அவர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

“மிஸ், என் பாட்டை எடுத்துட்டாங்க.”

“யாரு அண்ணாச்சி?”

“பாட்டு கம்பெனிக்காரங்க. வீடியோவையே தூக்கிட்டாங்க. எச்சரிக்கைன்னு மெயில் வேற.”

“உங்க பாட்டா?”

“என் பாட்டுன்னா... நான் வாசிச்ச பாட்டு.”

“ஓ.”

“மனுஷன் பாத்து எடுக்கலயாம் மிஸ். மெஷின் எடுக்குதாம். அதுவே கேட்டு, அதுவே கண்டுபிடிச்சிருதாம்.”

குரு நிமிர்ந்து பார்த்தார். “நீங்க வாசிச்சதைக் கேட்டு, இன்ன பாட்டுன்னு கண்டுபிடிச்சிருச்சா?”

“ஆமா.”

“நல்ல மெஷின்,” என்றார் குரு மனசாரவே. “எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.”

சீடர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கொதித்துக்கொண்டிருந்தார். “கல்யாண வீட்டுல ஊரே அலற அலற ஸ்பீக்கர்ல போடுதான். பஸ்ஸுல போடுதான். டீக்கடையில விடிஞ்சதுலேர்ந்து போடுதான். நான் கதவைச் சாத்திக்கிட்டு நாலு நிமிஷம் வாசிச்சா அது குத்தமா மிஸ்?”

குரு புத்தகத்தைத் திருப்பி அன்றைய பாடத்தைக் காட்டினார்.

சுயம்புலிங்கம் விடுகிற ஆள் இல்லை. சினிமாப் பாட்டு வேண்டாம், பக்திப் பாட்டு வாசிப்போம், சாமிக்கு எந்தக் கம்பெனி என்று முருகன் பாட்டு ஒன்றை வாசித்துப் போட்டார். முருகனுக்கும் கம்பெனி இருந்தது. அந்தக் காலத்தில் கேசட் போட்ட யாரோ, இது எங்களுடையது என்று, எச்சரிக்கை இல்லாமல், வெறும் அறிவிப்பு அனுப்பினார்கள். சரி, பாட்டே வேண்டாம் என்று, புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் பழகும் ஸ்வரங்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் வாசித்துப் போட்டார். தூக்கம் வரவழைக்கும் இசை விற்கிற ஒரு கம்பெனி, அதுவும் தங்களுடையதே என்றது. செல்வக்கனி மட்டும் அதை ஒப்புக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே தூக்கம் வந்திருந்தது.

ஆட்சேபம் எழுதினார். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று பதில் வந்தது. இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது.

மறுபடி மாடி ஏறினார்.

“மிஸ், சுத்தி வளைக்காம கேக்கேன். ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்?”

குரு கையை நீட்டினார். சீடரின் கிட்டாரை வாங்கி, ஆறு கம்பிகளையும் தளர்த்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“டியூன் பண்ணுங்க.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. சுயம்புலிங்கம் கம்பியை முறுக்கினார், தட்டினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அந்த மாடியின் விவகாரம் அப்படி. கீழே ஐஸ் ஃபேக்டரி மோட்டார் நாள் முழுக்க ஒரே ஸ்வரத்தில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருக்கும். உலகத்துக் கிட்டார்கள் எல்லாம் ஒரு சுருதியில் நிற்க, மோட்டார் அதற்கு அரையும் குறையுமாகக் கீழே நின்றது. சரியான சுருதியில் வாசித்தால் மோட்டாரோடு மோதிக் காது கூசும். குருவும் ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தார். மோட்டார் அசையவில்லை. கடைசியில் கிட்டாரை இறக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த மாடியில் படித்த எல்லாருக்கும் மோட்டார் சுருதிதான். ஃபோனில் இருக்கிற டியூனர் அங்கே செல்லாக்காசு.

கரண்ட் வந்தது. மோட்டார் முனகியது. சுயம்புலிங்கம் காதைச் சாய்த்து ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்துவிட்டார்.

“யாரைக் கேட்டு வச்சீங்க?” என்றார் குரு.

“மோட்டாரைக் கேட்டுத்தான்.”

“ம்.”

வகுப்பு முடிந்தது.

சுயம்புலிங்கம் வழி நெடுக யோசித்தார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒரு சிக்னலைக் கவனிக்காமல் தாண்டினார் என்றால் எவ்வளவு யோசித்திருப்பார் பாருங்கள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் மிஸ் ஏன் மோட்டாரைக் காட்ட வேண்டும்? வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பளிச்சென்று பிடிபட்டது.

மறுநாள் அவர் கிட்டாரோடு ஐஸ் ஃபேக்டரிக்குள்ளேயே போய்விட்டார். ஐஸ் பாளத்தை உடைத்துத் தூளாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, அதே பாட்டை வாசித்து வீடியோ எடுத்தார். இந்தச் சத்தத்துக்குள் பாட்டு இருக்கிறது என்று எந்த மெஷினுக்குத் தெரியப்போகிறது?

மெஷினுக்குத் தெரிந்தது. அவர் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. இரண்டாவது எச்சரிக்கை வந்தது. இன்னும் ஒன்று வந்தால் சேனலையே மூடிவிடுவோம், அதிலுள்ள எதுவும் திரும்பக் கிடைக்காது என்றும் எழுதியிருந்தார்கள்.

“நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் மிஸ்.”

“நான் என்ன சொன்னேன்?”

“மோட்டார்னு.”

குரு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பெரிய பெரிய குருமார்களும் இந்த இடத்தில் நெற்றியைத் தேய்த்திருப்பார்கள். கதை எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

சுயம்புலிங்கத்துக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பாட்டு வாசித்துப் போடுவதை நிறுத்தினார். சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுப் பார்த்தார். செல்வக்கனி எட்டிப் பார்த்து, “கம்பி எதுவும் அறுந்துட்டா?” என்று கேட்டார். அந்த வீடியோவுக்கு எந்தக் கம்பெனியும் உரிமை கேட்டு வரவில்லை. கேட்பவர்களும் வரவில்லை. ஷார்ஜாக்காரர் மட்டும் வந்தார். இந்த முறை ‘அண்ணே’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் சேனலில் எதுவும் போடவில்லை. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், சாப்பிட்டார், தூங்கினார். கிட்டார் வகுப்புக்கு வந்து சொன்னதை வாசித்துவிட்டுப் போனார். கோபமாக இருந்தபோது இருந்த மனுஷன் இல்லை அவர். குருவுக்கே அது என்னவோ போல இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் பழைய சுயம்புலிங்கம் திரும்பி வந்தார். படியில் வரும்போதே சத்தம் கேட்டது.

“திருட்டு மிஸ்! பச்சைத் திருட்டு!”

ஃபோனை நீட்டினார். திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு பெண் கான்ஸ்டபிளின் சேனல். பெயர் நாகஜோதி. காக்கிச் சட்டையோடு போலீஸ் குடியிருப்பு வாசற்படியில் உட்கார்ந்து, சீடரிடமிருந்து தூக்கப்பட்ட அதே பாட்டைக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தார். சீடருக்கு வராத கூட்டமெல்லாம் அங்கே வந்து கைதட்டியிருந்தது.

“பாட்டுதான் உங்க பாட்டு இல்லையே அண்ணாச்சி.”

“பாட்டு கிடக்கட்டும் மிஸ். வாசிப்பு என் வாசிப்பு. அப்படியே எடுத்திருக்காங்க. நான் புகார் குடுக்கப் போறேன். படிவத்தைத் திறந்து வச்சிருக்கேன். எழுதி அமுக்க வேண்டியதுதான் பாக்கி.”

“போலீஸ் மேலயா?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. அவங்களை மட்டும் மெஷின் இன்னும் பிடிக்கல. எனக்கு மட்டும்தான் எச்சரிக்கையா? அவங்களுக்கும் வரட்டும். சேனல் போனா எப்படி இருக்கும்னு தெரியட்டும்.”

“உங்க வாசிப்புன்னு எப்படித் தெரியும்?”

“சுருதி மிஸ்! நம்ம மோட்டார் சுருதி. என் கிட்டாரைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், இம்மியும் பிசகல. திண்டுக்கல்லுல ஏது இந்த மோட்டார்? என் வீடியோவைப் பாத்துத்தான் கம்பியை இறக்கியிருக்காங்க.”

“அப்ப சுருதி யாருது?”

சீடர் தயங்கினார். “மோட்டார்... ஐஸ் ஃபேக்டரிக்காரருது.”

“அவர்ட்ட கேட்டுத்தான் வச்சீங்களா?”

“இல்ல.”

“கை வச்சிருக்கிற விதம்?”

“அது நீங்க சொல்லிக்குடுத்தது.”

“என்ட்ட கேட்டீங்களா?”

“மிஸ், நீங்களுமா?” சுயம்புலிங்கம் கையை விரித்தார். “சரி, அதெல்லாம் போகட்டும். இன்னொண்ணு இருக்கு. அது என்னது. முழுக்க என்னது. ரெண்டாவது சரணத்துல கார்ட் மாத்த விரலைத் தூக்கி வைக்கிற இடத்துல நான் ஒரு பீட், ஒரு தட்டு, வாசிக்காம விடுவேன். அவங்களும் அதே இடத்துல விடுதாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

“ஏன் விடுதீங்க?”

“விரல் போய்ச் சேரல.”

“அப்ப அது தப்பு.”

“தப்புதான். ஆனா என் தப்பு.”

குரு ஒரு நாற்காலியைக் காட்டினார். பிறகு, “படிவத்துல எழுதுங்க,” என்றார்.

சீடர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘உங்களுக்குச் சொந்தமான பகுதி எது என்று விளக்கவும்’ என்ற கட்டத்தில் ஒற்றை விரலால் தட்டினார். எழுதி முடித்ததைக் குரு வாசிக்கச் சொன்னார்.

“ரெண்டாவது சரணத்தில் நான் வாசிக்காமல் விட்ட ஒரு பீட்.”

“அதை அவங்க என்ன செஞ்சாங்க?”

“அவங்களும் வாசிக்காம விட்டாங்க.”

“ஆக, இல்லாத ஒண்ணை எடுத்துட்டாங்க.”

“ஆமா மிஸ்.”

“போலீஸ்காரங்களா இருந்துக்கிட்டு,” என்றார் குரு.

சுயம்புலிங்கம் தான் எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். முதல் தடவை இருந்த வேகம் இல்லை. ஆனாலும் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேதான் நின்றது. அவருக்கு நடந்தது நடந்ததுதானே. ஒரு மனுஷனிடம் இருந்ததெல்லாம் அந்தச் சேனல் ஒன்று. அதையும் பயந்து பயந்து பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. இன்னொருத்தர் அதையே வாசித்து ஊர் முழுக்கக் கைதட்டு வாங்கினால் வயிறு எரியாதா?

“குடுங்க பாக்கேன்,” என்று குரு ஃபோனை வாங்கினார்.

வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது சரணம் வந்தபோது அவர் தலை ஆடுவது ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. பாட்டு முடிந்ததும் வீடியோவுக்குக் கீழே இருந்த எழுத்தை விரலால் தள்ளினார்.

“இதைப் படிச்சீங்களா?”

“எதை?”

“கீழ எழுதியிருக்காங்க.”

“கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிட்டு. யாரு அதெல்லாம் படிக்கா?”

குரு மெதுவாக வாசித்தார்.

“தூத்துக்குடி சுயம்புலிங்கம் சார் வாசிச்சதைப் பார்த்துப் பழகியது. சார் எனக்கு நேரில் பழக்கம் இல்லை. டூட்டி முடிந்து வந்து தினமும் அவர் சேனலைத்தான் பார்ப்பேன். இந்தப் பாட்டை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சார் வீடியோவே போடுவதில்லை.”

சுயம்புலிங்கம் எழுந்து நின்றார்.

“இன்னும் இருக்கு,” என்றார் குரு. “ரெண்டாவது சரணத்தில் சார் ஒரு நொடி அப்படியே நிறுத்திவிட்டு மேலே போவார். பாட்டிலேயே அதுதான் அழகு. அதைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்பவும் சார் மாதிரி வரவில்லை. சார், இதைப் பார்த்தால் திரும்ப வாசிங்க.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் ஃபோனைத் திரும்ப வாங்கி அந்த நாலைந்து வரியைத் தானே ஒருமுறை படித்தார்.  சேனல் ஆரம்பித்த இந்த மூன்று வருஷத்தில் அவர் வாசிப்பை யாரும் இத்தனை கவனமாகக் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

படிவத்தை மூடினார். கட்டத்தில் எழுதியது அதோடு போயிற்று.

“அழகுன்னு எழுதியிருக்காங்க மிஸ்.”

“ஆமா.”

“ஒரு வாரம் உக்காந்து படிச்சிருக்காங்க. என் தப்பை.”

“ஆமா.”

“நாலு பேர் அவங்களைப் பாத்துப் படிச்சா?”

குரு தோளைக் குலுக்கினார்.

“தப்புன்னு அவங்களுக்குச் சொல்லணும்லா?”

“சொல்லுங்க.”

“எழுதிச் சொன்னா நம்பமாட்டாங்க மிஸ். சார் தன்னடக்கமாச் சொல்லுதாருன்னு நினைப்பாங்க. வாசிச்சுத்தான் காட்டணும். சரியா வாசிச்சு, சேனல்ல போடணும். அவங்களைப் பாத்துப் படிக்கிறவங்களும் பாக்கணும்.”

“போடுங்க.”

“போட்டா மூணாவது எச்சரிக்கை. சேனல் போயிரும்.”

“போயிரும்.”

சுயம்புலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒரு லாரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.  திரும்பாமலே கேட்டார்.

“அப்புறம் என்னை யாரு மிஸ் கேப்பா?”

குரு அவருடைய கிட்டாரை எடுத்து நீட்டினார்.

“திண்டுக்கல்லுல கேட்டவங்க ஒருத்தர் இருக்காங்கல்லா அண்ணாச்சி. அவங்களுக்கு வாசிங்க. ரெண்டாவது சரணத்துலேர்ந்து.”